நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கப் பிள்ளை

முன்னுரை

வங்கக் கடல் அலைகள் ஓயாது தாலாட்டும் எழில்மிகு புதுவை நகரிலே பிறந்து வளரும் நமக்கு வீதிகளின் பெயர்களே ஒரு வரலாற்றுப் பாடம் எனலாம். துமா வீதி, சுஃப்ரேன் வீதி, லபூர்தொன்னே வீதி, லல்லி தொலாந்தால் வீதி என்று பிரெஞ்சுத் தளபதிகளும் ஆளுநர்களும் நம் ஊரில் இன்றும் பெயரளவில் வாழ்கின்றனர். அவற்றுக்கு நடுவே, பெரிய மார்க்கெட்டை ஒட்டி, ஒரு தமிழரின் பெயரைத் தாங்கிய வீதியும் இருக்கிறது. அதுதான் ரங்கப் பிள்ளை வீதி.

பள்ளிக்கு வரும் வழியிலும் மார்க்கெட்டுக்குப் போகும் வழியிலும் நாங்கள் அந்த வீதியைப் பல நூறு முறை கடந்திருக்கிறோம். ஆனால் அந்த ரங்கப் பிள்ளை யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இவ்வாண்டு பள்ளி மலருக்கு நம் ஊர்ப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதி வரும்படி எங்கள் தமிழாசிரியை பணித்தபோதுதான், நூலகத்தில் அவருடைய நாட்குறிப்புத் தொகுதிகளைக் கையில் எடுத்தோம். எடுத்த பிறகு வைக்க மனம் வரவில்லை. நாங்கள் அறிந்துகொண்டதை எங்களுக்கு இயன்ற அளவில் இங்கே தருகிறோம்.

பிறப்பும் குடும்பமும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப் பிள்ளை அந்நாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரிடம் தலைமைத் தரகராக இருந்தார். அவர் அழைத்ததன் பேரில் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு இவ்வூருக்குக் குடிபெயர்ந்தார். அப்போது ஆனந்தரங்கர் சிறுவர்.

புதுவை மண்ணிலே அக்குடும்பம் முதலில் கண்டது துன்பமே. ஆளுநர் எபேர் என்பவர் காலத்தில் நைனியப் பிள்ளை சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலேயே 1717ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். அவருடைய மகன் குருவப் பிள்ளை நீதி கேட்டுக் கடல் கடந்து பிரான்சு நாட்டுக்கே சென்றார். அக்காலத்தில் பாய்மரக் கப்பலில் அங்கே போய்ச் சேரவே ஆறு மாதம் ஆகும். அங்கே அரசப் பிரதிநிதியாய் இருந்த ஓர்லியான் கோமகனிடம் முறையிட்டு வெற்றி கண்டார். அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். வீரப்பட்டமும் பெற்று ஊர் திரும்பித் தந்தை வகித்த பதவியை ஏற்றார். ஆனால் நீண்ட நாள் வாழவில்லை. 1724ஆம் ஆண்டில் காலமானார். அதற்கு இரண்டாண்டுகள் கழித்துத் திருவேங்கடம் பிள்ளையும் மறைந்தார்.

மாமன் சிறையில் மாண்டதையும், மாமன் மகன் கடல் கடந்து நீதி பெற்றதையும் கண்டு வளர்ந்த இளைஞர், ஆளுவோரின் சினமும் அருளும் எவ்வளவு விரைவில் மாறும் என்பதை இளமையிலேயே உணர்ந்திருப்பார். எதையும் கூர்ந்து கவனிக்கும் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

படிப்படியாக உயர்ந்தார்

தந்தை இறந்தபோது ஆனந்தரங்கருக்கு வயது பதினேழு. அப்போது ஆளுநராய் வந்த லெனுவார் துரை அவருடைய திறமையை அறிந்து கும்பினி வேலையில் அமர்த்தினார். பரங்கிப்பேட்டையில் இருந்த துணித் தொழிலைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டு நெசவாளர் நெய்த துணிகளை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்புவதே அந்நாளில் கும்பினியின் முதன்மையான தொழில். பிள்ளையவர்கள் ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் சொந்த வணிகக் கிடங்குகளை அமைத்தார். ஆனந்தப் புரவி என்ற பெயருடைய கப்பலும் அவருக்கு இருந்தது. மங்கத்தாயி என்னும் அம்மையாரை மணந்து இல்லறம் நடத்தினார்.

அப்போது கும்பினியின் தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார் என்னும் கத்தோலிக்கப் பெருமகனார். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆனால் அவருடைய வேலை மொழிபெயர்ப்போடு நின்றுவிடாது. துரைக்கும் வணிகருக்கும் இடையே பேரம் பேசுவது, நவாபுகளுக்குக் கடிதம் எழுதச் செய்வது, ஊர் வழக்குகளைத் தீர்ப்பது, எந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று செய்தி அறிந்து சொல்வது எல்லாம் அவர் கடமையே. 1746ஆம் ஆண்டு பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தபோது அப்பதவிக்குப் பலர் போட்டியிட்டனர். கிறிஸ்தவர் ஒருவரே அப்பதவியில் இருக்க வேண்டும் என்ற கருத்தும் வலுவாக இருந்தது. எனினும் வேலையைத் திறம்படச் செய்துவந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கே 1747ஆம் ஆண்டில் அது முறைப்படி கிடைத்தது.

அவருக்குக் கிடைத்த மரியாதைகள் பல. ஆளுநர் மாளிகையின் முற்றம் வரை மேளதாளத்தோடு பல்லக்கில் செல்லும் உரிமை அவருக்கு இருந்தது. தங்கப் பூண் போட்ட கைத்தடி பிடிக்கலாம். ஐதராபாத்து நிசாமாக விளங்கிய முசாபர் ஜங், மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் பட்டத்தை அவருக்கு அளித்தார். புலவர்களை அவர் ஆதரித்தார். தியாகராய தேசிகர் அவர் மீது ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி என்பார் 1752ஆம் ஆண்டில் வடமொழியில் ஆனந்தரங்க சம்பு இயற்றினார்.

ஆயினும் இத்தனை பட்டங்களாலும் பாடல்களாலும் மட்டும் அவர் இன்று நினைக்கப்படுவாரா? மாட்டார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அவரை இன்றும் வாழ வைப்பது அவர் இரவிலும் பகலிலும் எழுதிய கணக்கேடு போன்ற குறிப்பேடுகளே.

போர்க்காலத்துத் தலைவர்

பிள்ளையவர்களின் வாழ்வைச் சொல்லும்போது துய்ப்ளெக்ஸ் துரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடற்கரைச் சாலையின் தென்கோடியில் பூங்காவிலே நிமிர்ந்து நிற்கும் சிலையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1870ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அச்சிலை அவருடையதே. 1742 முதல் 1754 வரை அவர் புதுவையின் ஆளுநராகவும், ஆட்சியை நடத்திய உயர் மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி போரிலேயே கழிந்தது.

1746ஆம் ஆண்டு செப்டம்பரில் லபூர்தொன்னே கப்பற்படையோடு சென்று சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். 1748ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் பதில் கொடுக்க வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஆகஸ்டில் தொடங்கிய முற்றுகை அக்டோபரில் முடிந்தது. மழைக்காலமும் நோயும் வந்துவிட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து ஆங்கிலேயர் திரும்பிப் போயினர். பிறகு ஆற்காட்டு நவாபு பதவிக்காகவும் ஐதராபாத்து நிசாம் பதவிக்காகவும் நடந்த சண்டைகளில் இரு கும்பினியாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று போரிட்டனர். இறுதியில் செலவு மிகுந்ததே தவிர இலாபம் வரவில்லை என்று கருதிய பாரீசு மேலாளர்கள், 1754ஆம் ஆண்டில் துய்ப்ளெக்ஸைத் திருப்பி அழைத்துக்கொண்டனர். தாம் செலவிட்ட சொந்தப் பணத்தைக் கேட்டுக் கேட்டு, கிடைக்காமல், 1763ஆம் ஆண்டில் அவர் பாரீசில் வறுமையில் இறந்தார்.

இத்தகைய போர்க்காலத் தலைவர் ஒருவர் எழுதிய கடிதங்களும் கட்டளைகளும் எத்தனை இருந்திருக்கும்! பாரீசுக்கு எழுதிய கடிதங்கள், உயர் மன்றத்தின் நடவடிக்கைகள், நவாபுகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து என அவை குவிந்தன. கடலில் கப்பல் மூழ்கினாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று ஒரே கடிதத்துக்கு நகல்கள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவதும் அக்கால வழக்கம். அரசு அவற்றைப் பேணியது. பிற்காலத்தில் புதுவை ஆளுநராய் வந்த அல்பிரெட் மர்த்தினோ என்பவர் 1911ஆம் ஆண்டில் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கி, இங்கிருந்த பழைய ஆவணங்களை அச்சிட்டு வெளியிட்டார். துய்ப்ளெக்ஸின் வரலாற்றையும் நான்கு பெரும் தொகுதிகளாக எழுதினார்.

தலைவரின் தாள்களைக் காக்க அரசு இருந்தது. ஆனால் அதே நாட்களில், அதே ஊரில், ஒரு தமிழர் தம் வீட்டில் தம் மொழியில் எழுதியதைக் காக்க யார் இருந்தார்?

நாட்குறிப்பு

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், தம் இருபத்தேழாம் வயதில், பிள்ளையவர்கள் எழுதத் தொடங்கினார். தாம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும், கப்பல் வருவதும் போவதும், நாட்டில் நடக்கும் புதுமைகளும் எழுதி வைப்பதே தம் நோக்கம் என்று தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார்.

அக்கால ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எழுதிய குறிப்புகள் நிறைய உண்டு. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் நம் தமிழர் ஒருவர் நாள்தோறும் எழுதி, இவ்வளவு நீண்ட காலத்தை நம் கண்முன் நிறுத்தும் வேறொரு நூலைக் காண்பது அரிது. தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை எல்லாம் முறையாகப் போட்டு, இத்தனை நாழிகைக்கு இன்னது நடந்தது என்று எழுதுகிறார். ஒரு கப்பல் வந்தால் அது எங்கிருந்து வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, என்ன சரக்கு இறங்கியது என்று குறிக்கிறார். துரை சிரித்தாரா, முகம் சுளித்தாரா என்பது கூட அதில் உண்டு. அவருடைய தமிழ் நம் பாடப்புத்தகத் தமிழ் அன்று. அன்றைய பேச்சுத் தமிழோடு தெலுங்கும் பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கலந்த தமிழ். முதல் பக்கங்களைப் படிக்க நாங்கள் மிகவும் தடுமாறினோம். பத்துப் பக்கம் தாண்டியதும் நம் ஆயா திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வது போலவே இருந்தது!

பெரியவர்களைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையை 1743ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார். போர் வருகிறது என்றதும் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடிய மக்களையும், அரிசி விலை ஏறியதையும் எழுதியிருக்கிறார். இவை ஆளுநரின் கடிதங்களில் தேடினாலும் எளிதில் அகப்படாதவை.

குறைகள் இல்லாதவர் என்று சொல்ல மாட்டோம். சோதிடத்தில் அவருக்கு அளவுகடந்த நம்பிக்கை. தம்மைப் பிறர் புகழ்ந்ததை மறவாமல் எழுதிவைப்பார். தமக்குப் போட்டியாய் இருந்தவர்களைக் கடுமையாக ஏசுவார். துய்ப்ளெக்ஸின் மனைவியார் மீது அவருக்கு மிகுந்த மனக்கசப்பு. ஆகவே அவர் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்காமல் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டே அறிஞர்கள் முடிவு செய்கின்றனர். கடிதமானாலும் நாட்குறிப்பானாலும் எழுதியவரின் கண்ணாடி வழியாகத்தான் நாம் பார்க்கிறோம் என்று எங்கள் ஆசிரியை விளக்கினார்.

எழுதத் தயங்கிய செய்தி

இங்கே ஒரு செய்தியை எழுதலாமா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு நாள் தயங்கினோம்.

1745ஆம் ஆண்டில் கனகராய முதலியார் உழவர்கரையில் தேவாலயம் ஒன்றைக் கட்டி முடித்து, எல்லாச் சாதியாருக்கும் விருந்து வைத்தார். பிள்ளையவர்கள் அதை விரிவாக எழுதியிருக்கிறார். இன்று ரெட்டியார்பாளையத்தில் உள்ள புனித அந்திரேயர் ஆலயத்தின் வரலாறு அதுதான். அதைப் படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியாய் இருந்தது.

அடுத்த தொகுதிகளில் வேறொன்றைப் படித்தோம். 1748ஆம் ஆண்டு செப்டம்பரில், முற்றுகையின் நடுவே, நம் சம்பா கோவில் இருக்கும் இடத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் ஆளுநரின் ஆணைப்படி இடிக்கப்பட்டது. அதற்காக நெடுநாள் முயன்றவர்கள் அன்றைய சேசு சபைக் குருமார். அன்று நடந்ததை எல்லாம் பிள்ளையவர்கள் மனம் நொந்து எழுதியிருக்கிறார். தம் மக்களிடையே ஒற்றுமை இல்லாமல் போனதையும் எண்ணி வருந்துகிறார். அவர் வைணவர். இடிபட்டது சிவன் கோயில். ஆயினும் அவர் துயரம் குறையவில்லை.

ஞாயிறுதோறும் பூசை காணச் சம்பா கோவிலுக்குச் செல்பவர்கள் நாங்கள். எங்களுடன் படிக்கும் தோழியரில் பலர் வெள்ளிக்கிழமைதோறும் ஈசுவரன் கோயிலுக்குச் செல்பவர்கள். இதை எழுதினால் யார் மனமாவது புண்படுமோ என்று அஞ்சினோம். விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் எண்ணினோம். பிறகு சிஸ்டரிடமே சென்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், பாவசங்கீர்த்தனத்தில் பாதியை மறைப்பவன் மன்னிப்பை எப்படிக் கேட்பான் என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதும்படி சொல்லிவிட்டார்.

பின்னர் நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1761ஆம் ஆண்டில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் அந்தத் தேவாலயத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் பேராலயம் 1791ஆம் ஆண்டில் அபிஷேகம் செய்யப்பட்டது. வேதபுரீசுவரர் கோயிலும் வேறிடத்தில் மீண்டும் எழுந்து இன்று காந்தி வீதியில் விளங்குகிறது. ஒரு கோயில் மணியும் ஒரு தேவாலய மணியும் இன்று ஒரே ஊரில் ஒலிக்கின்றன. இரண்டுமே ஒரு காலத்தில் இடிபட்டவை என்று அறிந்த பிறகு அந்த மணியோசை எங்கள் காதுகளுக்கு வேறு விதமாகக் கேட்கிறது.

இறுதி நாட்கள்

துய்ப்ளெக்ஸ் சென்ற பிறகு பிள்ளையவர்களின் செல்வாக்கும் தேய்ந்தது. உடல்நலமும் குன்றியது. 1756ஆம் ஆண்டில் ஆளுநர் லெரி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அதற்குப் பின்னும் அவர் எழுதுவதை விடவில்லை. பதவிக்காக எழுதியிருந்தால் பதவி போனதும் பேனாவையும் வைத்திருப்பார் அல்லவா?

1760ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுவையைச் சூழ்ந்தார். ஊரில் உணவுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. அந்தத் துயரக் காலத்தில், 1761ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், ஆனந்தரங்கப் பிள்ளை இவ்வுலக வாழ்வை நீத்தார். அடுத்த நான்கு நாட்களில் லல்லியின் படை சரணடைந்தது. தாம் வளர்த்த ஊர் வீழ்வதைக் காணும் துன்பம் அவருக்கு நேரவில்லை.

ஏடுகள் பிழைத்த கதை

அவர் மறைந்ததும் அவருடைய குறிப்பேடுகள் வீட்டிலேயே முடங்கின. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் உலகம் அவற்றை அறியவில்லை. 1846ஆம் ஆண்டில் கலுவா மோம்பிரன் என்னும் பிரெஞ்சு அலுவலர் பிள்ளையவர்களின் குடும்பத்தாரிடம் அவை இருப்பதைக் கண்டு நகல் எடுக்கச் செய்தார். எதுவார் அரியேல் என்னும் மற்றொரு அலுவலரும் ஒரு நகல் எடுத்தார். அந்த நகல் இன்று பாரீசில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதற்குள்ளாகவே சில பகுதிகள் தொலைந்து போயிருந்தன. ஆகவே இடையிடையே பல நாட்கள், பல மாதங்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

1892ஆம் ஆண்டில் புதுவையில் இருந்த ஆங்கில அரசின் பிரதிநிதி இந்நூலின் அருமையைச் சென்னை அரசுக்கு எடுத்துரைத்தார். அவ்வரசு தனக்கும் ஒரு நகல் எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் செய்தது. பிரைஸ், ரங்காச்சாரி, டாட்வெல் ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. தமிழர் தமிழில் எழுதிய நூல் முதலில் முழு அளவில் அச்சேறியது ஆங்கிலத்தில்தான் என்பதை எண்ணினால் சற்று வெட்கமாகவும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டு முதல்தான் புதுவையில் தமிழ்த் தொகுதிகள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. 2019ஆம் ஆண்டில் மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோர் பதிப்பித்த பன்னிரண்டு தொகுதிகள் தமிழில் கிடைத்தன. அதற்கு முன்பே நம் ஊர் எழுத்தாளர் பிரபஞ்சன், இந்நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்னும் நாவல்களைப் படைத்தார். பின்னது 1995ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது.

ஒருவர் எழுதினார். குடும்பத்தார் எறியாமல் வைத்திருந்தனர். ஒருவர் தேடிக் கண்டார். பலர் நகல் எடுத்தனர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் இன்று நமக்கு ஒன்றும் இல்லை.

ஒரு தகரப் பெட்டி

இதைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் தோழி ஒருத்தி திடீரென்று அழுதுவிட்டாள். காரணம் கேட்டோம்.

அவளுடைய ஆயாவின் தந்தையார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் வேலை பார்த்தவர். புதுவையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. அவர் எழுதிய கடிதங்களும், வேலைக்குரிய தாள்களும், சில கணக்குப் புத்தகங்களும் ஒரு தகரப் பெட்டியில் பரணிலே இருந்தன. சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, ஆயா உறவினர் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், பெட்டியில் கரையான் ஏறியிருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தவளே அவள்தான். ஆயா திரும்பி வந்து பரணைப் பார்த்தார். யாரையும் ஒரு சொல் ஏசவில்லை. அன்று இரவு சாப்பிடவில்லை.

எடைபோடும்போது கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்ட ஒரே ஒரு கடிதம் பிறகு கிடைத்ததாம். தமிழில் எழுதியது. சைகோனிலிருந்து மனைவிக்கு எழுதிய அக்கடிதத்தில், அரிசி விலையையும் தம் உடம்பு நிலையையும் சொல்லிவிட்டு, பெண் குழந்தையைத் தவறாமல் கன்னியர் பள்ளியில் சேர்க்க வேண்டும், பணத்துக்குக் கவலைப்பட வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தார். அந்தப் பெண் குழந்தைதான் இன்று எண்பதை நெருங்கும் ஆயா. தம்மைப் படிக்க வைக்கச் சொன்னது தம் தந்தையே என்பதை அவர் அன்றுதான் முதன்முதலாக அறிந்தார். ஒரு கடிதத்திலேயே இவ்வளவு இருந்தால், எடைக்குப் போன மற்றவற்றில் என்னென்ன இருந்தனவோ! அதை நினைத்துத்தான் எங்கள் தோழி அழுதாள். அவளைத் தேற்ற எங்களுக்குச் சொல் கிடைக்கவில்லை.

முடிவுரை

ஒரு மாலை நாங்கள் ஆறு பேர் ரங்கப் பிள்ளை வீதிக்குச் சென்று பிள்ளையவர்களின் மாளிகையைப் பார்த்தோம். கீழ்த்தளத்தில் நம் நாட்டுப் பாணியில் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் வெண்ணிறத் தூண்கள். அவர் வாழ்வைப் போலவே அவர் வீடும் இரு உலகங்களுக்கு நடுவில் நிற்கிறது. மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் அதைத் திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தார்கள். சென்ற ஆண்டு வரை நாங்களும் அப்படிப் போனவர்கள்தாம்.

சிலைக்கு உரியவர் ஆளுநர். வீதிக்கு உரியவர் துபாஷி. ஆனால் அன்றைய புதுவை எப்படி மூச்சுவிட்டது என்று அறிய வேண்டுமானால் நாம் போய் நிற்க வேண்டியது துபாஷியின் வாசலில்தான். பெரிய பதவியில் இருந்தால்தான் வரலாறு எழுத முடியும் என்பதில்லை. நாள்தோறும் கண்டதை ஒளிக்காமல் எழுதும் பொறுமை இருந்தால் போதும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.

எங்கள் வகுப்புக்கு ஒரு நீளக் கணக்கு நோட்டை சிஸ்டர் வாங்கித் தந்திருக்கிறார். நாளுக்கு ஒருத்தியாக முறைவைத்து அதில் எழுதி வருகிறோம். மழைக்கு விடுமுறை விட்டதும், பரிசோதனைக் கூடத்தில் குடுவை உடைந்ததும், யார் உடைத்தது என்பதும் அதில் உண்டு. ஆண்டு முடிவில் அதை நூலகத்தில் ஒப்படைப்போம்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அதை இறக்குங்கள். எடைக்குப் போடுமுன் ஒரு முறை திறந்து, ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். நாட்குறிப்பு வேந்தருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவே.

பத்தாம் வகுப்பு மாணவி